‘இது உனக்கு எப்படித் தெரியும்?’: எல்லை மலைகளும் இளையோர் மர்ம நாவலும்

(தேவிகுளம், சித்தூர் வட்டங்களைச் சேர்ந்த தமிழ் ஆசிரியர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மூணாறு, மறையூர், வட்டவடைப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், முதலமடைப் பக்கமிருந்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். கேரள அரசின் பாடநூலைத் தமிழில் நடத்துகிறவர்கள் நீங்கள். உங்கள் வகுப்புப் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறது, கடைவீதியில் மலையாளம் பேசுகிறது, இரண்டு எழுத்தையும் வாசிக்கிறது. அந்தப் பிள்ளையின் கையில் என்ன நாவலைக் கொடுப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

நான் எடுத்துக்கொண்டிருப்பது வரலாற்று மர்ம நாவல். பத்து வயதிலிருந்து பதினைந்து வயதுவரை உள்ளவர்களுக்கு எழுதப்படுவது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகை நாவலுக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. யார் எதைச் சொன்னாலும் ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று மரியாதையாக, ஆனால் விடாமல் கேட்கும் ஒரு பிள்ளையை உருவாக்குவது. தாத்தா சொன்னாலும் கேட்க வேண்டும், பாடநூல் சொன்னாலும் கேட்க வேண்டும், கைபேசியில் வந்த காணொளி சொன்னாலும் கேட்க வேண்டும். இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்க நம் எல்லை மலைகளைவிட நல்ல இடம் கிடையாது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் நம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

இரண்டு அலமாரிகள்

தமிழ் நூலகத்தில் இரண்டு அலமாரிகள் எப்போதும் நிறைந்திருக்கும். ஒன்று சரித்திர நாவல், மற்றொன்று துப்பறியும் நாவல். சரித்திர அலமாரியில் குதிரை, வாள், மகுடம், சதி. துப்பறியும் அலமாரியில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி அய்யங்கார் காலம் தொடங்கி ஒரு நூற்றாண்டுச் சரக்கு. சிறுவர்கள் அதிகம் விரும்பியது தமிழ்வாணனின் சங்கர்லாலை. சங்கர்லாலுக்குத் தேநீர் என்றால் உயிர். கோப்பையை வைத்துக்கொண்டுதான் அவருக்கு மூளை வேலை செய்யும். அந்தத் தேயிலையைப் பறித்தவர்களின் பிள்ளைகள் கண்ணன் தேவன் மலையில் அந்தக் கதைகளை வாசித்திருப்பார்கள். ஆனால் கதைக்குள் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. சிறுவர்களுக்கென்றே வாழ்நாள் முழுக்க எழுதிய வாண்டுமாமா சாகசத்தையும் மர்மத்தையும் கலந்து தந்தார். அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் வரலாறும் துப்பறிதலும் சேரும் இடத்தில், இளையோருக்கான தமிழ் அலமாரியில் புத்தகங்கள் குறைவு.

பெரியவர்களுக்கு எழுதப்பட்ட ஒன்றைப் பிள்ளைகள் தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள். ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த தொடர். அதன் நடுவில் இருப்பது ஒரு கொலை. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? கல்கி எல்லாச் சந்தேகங்களையும் எழுப்பிவிட்டு, அடித்துச் சொல்லும் தீர்ப்பைத் தவிர்த்துவிட்டார். இந்தக் கேள்விக்கு நாவலுக்கு வெளியே ஒரு தடயம் இருக்கிறது என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், கண் விரியும். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயிலில், முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டிய கல்வெட்டு. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் உள்ளிட்டோரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களுடைய, அவர்கள் உறவினருடைய சொத்துப் பற்றிய ஆணை அது.

சரி, வழக்கு முடிந்துவிட்டதா? முடியவில்லை. கொலைக்கும் இந்த ஆணைக்கும் நடுவே ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. அந்த இடைவெளியில் ஆண்டவர் உத்தம சோழர். அவர் ஏன் தண்டிக்கவில்லை? கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் அவர்மீதே ஐயம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். இருவரும் பெரிய அறிஞர்கள், இருவரும் வாசித்தது ஒரே கல்லை. கல் பெயர்களைத் தருகிறது. ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்பதைத் தரவில்லை. தடயம் எதுவரை பேசும், எங்கே வாயை மூடிக்கொள்ளும் என்று ஒரு பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் உண்டா?

அக்கம்பக்கம் என்ன செய்திருக்கிறார்கள்

மலையாளத்தில் வரலாற்று மர்மத்தின் விதை சீக்கிரமே விழுந்திருக்கிறது. 1891இல் வந்த சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்ட வர்மா’ வரலாற்று நாவல்தான். ஆனால் இறந்துவிட்டதாக ஊர் நம்பும் ஒருவன் என்ன ஆனான் என்ற மர்மம்தான் கதையை இழுத்துச் செல்கிறது. அப்பன் தம்புரான் எழுதிய ‘பாஸ்கர மேனோன்’ 1905இல் வந்தது. மலையாளத்தின் முதல் துப்பறியும் நாவல் என்று அதைச் சொல்வார்கள்.

வங்காளத்தில் சுனில் கங்கோபாத்யாய் சிறுவர்களுக்காகக் காக்காபாபு என்ற பாத்திரத்தைப் படைத்தார். இந்தியத் தொல்லியல் துறையில் பெரிய பதவியில் இருந்தவர், கால் ஊனமுற்றவர், ஊன்றுகோலோடு மலை ஏறுகிறவர். துணைக்கு அண்ணன் மகன் சந்து. அந்த வரிசையின் முதல் நாவலில் அவர்கள் காஷ்மீரில் தேடுவது கனிஷ்கர் சிலையின் தலையை! மதுராவில் கிடைத்த கனிஷ்கர் சிலைக்குத் தலை இல்லை என்பது அருங்காட்சியகத்துக்குப் போன எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர் அந்த வெற்றிடத்திலிருந்து கதையைத் தொடங்கினார்.

இங்கிலாந்தில் கரோலைன் லாரன்ஸ் 2001இல் தொடங்கிய ‘ரோமன் மிஸ்டரீஸ்’ வரிசை பதினேழு நாவல்கள் ஓடியது. கி.பி. 79இல், ரோமின் துறைமுகமான ஆஸ்டியாவில் நான்கு பிள்ளைகள் துப்பறிகிறார்கள். ஒருத்தி கப்பல் தலைவனின் மகள், ஒருத்தி அடிமையாக இருந்தவள், ஒருவன் யூதச் சிறுவன், ஒருவன் வாய் பேச முடியாத பிச்சைக்காரச் சிறுவன். அந்த ஆண்டுதான் வெசூவியஸ் எரிமலை வெடித்தது. அதில் உயிர்விட்ட பிளினி என்ற அறிஞர் நம் முசிறித் துறைமுகத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொடுமணலுக்கும் கரூருக்கும் வணிகப் பாதை போனது. வழியெங்கும் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. ஆஸ்டியாவின் அடுக்களையில் இருந்த மிளகு நம் மலையில் காய்த்ததாக இருக்கலாம். அந்தக் கரையில் பதினேழு நாவல். இந்தக் கரையில் சித்தூர்ப் பிள்ளைக்கு அந்தப் பாதையைப் பற்றி எத்தனை?

பெரியவர்களுக்கான நாவல் ஒன்றையும் சொல்ல வேண்டும். 1951இல் ஜோசஃபின் டே எழுதியது. கால் முறிந்து மருத்துவமனையில் கிடக்கும் ஒரு போலீஸ் அதிகாரி, கட்டிலை விட்டு இறங்காமலே, மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் தன் அண்ணன் பிள்ளைகளைக் கொன்றாரா என்று விசாரிக்கிறார். சாட்சிகள் எல்லாம் புத்தகங்கள். ஒவ்வொரு புத்தகத்திடமும் அவர் கேட்பது: இதை எழுதியவர் அப்போது எங்கே இருந்தார், யாரிடம் சம்பளம் வாங்கினார்? துரத்தல் கிடையாது, துப்பாக்கி கிடையாது, ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. அந்த அதிகாரியின் முடிவை எல்லா வரலாற்றாசிரியர்களும் ஏற்கவில்லை. ஆனால் அவர் கேட்ட விதத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

தமிழிலும் அண்மையில் ஒரு நல்ல திருப்பம் வந்திருக்கிறது. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியைக் களமாக வைத்து எழுதிய சிறார் நாவல். 2023இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றது. ஆதன் என்பது கீழடிப் பானை ஓட்டில் கிடைத்த பெயர்களில் ஒன்று. அரசன் பெயரை விட்டுவிட்டு, பானையில் தன் பெயரைக் கீறிவைத்த ஒருவனை எழுத்தாளர் பிடித்துக்கொண்டார் பாருங்கள், அதுதான் சரியான நூல்முனை. இனி நம் மலைக்கு வருவோம்.

ஒரே வாக்குமூலம் தரும் சாட்சிகள்

இடுக்கி மலைகளில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில் வருகிற ஒரு கேள்வி இருக்கிறது. ‘உங்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள்?’ முதுவரைக் கேளுங்கள், மதுரை. மீனாட்சி அம்மன் சிலையை முதுகில் சுமந்து மலை ஏறினோம் என்பார்கள். மறையூர், காந்தளூர் உள்ளிட்ட அஞ்சுநாட்டு ஊர்க்காரர்களைக் கேளுங்கள், மதுரைச் சீமை. கோவில்மலையில் இன்றும் தங்களுக்கென்று அரசர் வைத்திருக்கும் மன்னான் மக்களைக் கேளுங்கள், அவர்கள் மரபும் மதுரைப் பாண்டியரைத்தான் காட்டும். இந்த மலைகளுக்கு உரிமை கொண்டாடிய பூஞ்சாறு அரச குடும்பம் தன்னைப் பாண்டிய வழி என்றே சொல்லிக்கொண்டது. சிலப்பதிகாரக் கண்ணகியும் மதுரையை எரித்துவிட்டுத்தானே சேர நாட்டு மலைக்கு வந்தாள்!

எந்தத் துப்பறிவாளனும் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவான். இத்தனை சாட்சிகள் ஒரே வாக்குமூலம் தந்தால் இரண்டில் ஒன்று. நடந்தது உண்மையாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் கதையை இன்னொருவர் கேட்டிருக்க வேண்டும். எது?

இப்போது வரலாற்று ஆண்டுகளை எடுத்து மேசையில் பரப்புங்கள். மதுரையை விட்டு ஓட வேண்டிய சமயம் ஒன்றா இரண்டா? 1311இல் மாலிக் காஃபூர் வந்தார். பிறகு மதுரையில் சுல்தான்கள் ஆட்சி. 1371ஐ ஒட்டி விசயநகரத்துக் குமார கம்பணர் படை. அதன்பின் நாயக்கர் ஆட்சி, அது 1736இல் கலைந்தபோது நடந்த குழப்பங்கள். 1876 தொடங்கிய தாது வருஷப் பஞ்சம். ஒவ்வொரு குழுவும் வெவ்வேறு காலத்தில் கிளம்பியிருக்கலாம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மட்டும் வந்தவர்கள்கூட, கேட்பவருக்குப் புரியட்டும் என்று ‘மதுரை’ என்று பெரிய ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கலாம்.

உங்கள் கதாநாயகி பதின்மூன்று வயது மறையூர்ப் பெண் என்று வையுங்கள். அவள் என்ன செய்வாள்? ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து கதையைக் கேட்டு எழுதுவாள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள், எந்தப் பாதையில் ஏறியதாகச் சொல்கிறார்கள், வழியில் எந்த ஊர்ப் பெயர் வருகிறது என்று பட்டியல் போடுவாள். கடைசியில் எல்லாவற்றிலும் கூரான கேள்வியைக் கேட்பாள்: இந்தக் கதை யாருக்கு என்ன உரிமையைத் தருகிறது?

இந்தக் கேள்வி இந்த மலையில் பொழுதுபோக்கு அல்ல. 1877இல் பூஞ்சாறு அரச குடும்பம் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயருக்குக் கண்ணன் தேவன் மலைகளை எழுதிக் கொடுத்தது. பின்னாளைய தேயிலைத் தோட்டங்களின் மூலப் பத்திரம் அதுதான். பூஞ்சாற்றின் பரம்பரைக் கதைக்கு ஒரு கையெழுத்தும் முத்திரையும் கிடைத்தன. முதுவரின் கதைக்குக் காகிதம் கிடைக்கவில்லை. இரண்டுமே வம்சக் கதைதான். ஒன்று பத்திரமானது, மற்றொன்று பாட்டிகளின் வாயிலேயே இருந்துவிட்டது. ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்கத் தொடங்கிய பிள்ளை இந்த இடத்துக்கு வந்து சேரும்போது, ‘யாருடைய தெரிதல் பதிவாகிறது?’ என்ற அடுத்த வகுப்புக்குத் தேறிவிட்டது.

ரயில் இல்லாத ஸ்டேஷன்

டாப் ஸ்டேஷனுக்குச் சுற்றுலாப் பயணிகள் வண்டி வண்டியாக வருகிறார்கள். ஸ்டேஷன் என்று பெயர் இருக்கிறது, ரயில் எங்கே என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்?

1902இல் மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடுவே குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். வண்டியின் எடையைத் தண்டவாளம் தாங்கும், சாயாமல் இருக்கப் பக்கத்தில் சாலையில் உருளும் ஒரு சக்கரம், இழுப்பதற்குக் காளைகள். 1908இல் அதை எடுத்துவிட்டு, இரண்டடி அகலத் தண்டவாளத்தில் நீராவி இன்ஜின் ஓடியது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பி வடத்தில் தொங்கி, கீழே கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து போடிநாயக்கனூருக்குச் சாலை வழி. 1924 ஜூலையில் பெருவெள்ளம் வந்தது. மலை சரிந்தது, பாலம் போனது, ரயில் போனது. திரும்ப யாரும் கட்டவில்லை.

கேரளத்தில் இதைத் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்பார்கள். கொல்லம் ஆண்டு 1099. இதிலேயே நாவலுக்கான அருமையான துப்பு ஒன்று ஒளிந்திருக்கிறது. ஒரு பழைய கல்லிலோ கணக்கேட்டிலோ ‘1099’ என்று மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். போடியிலிருந்து வந்த பையன், ‘அடேயப்பா, முதலாம் குலோத்துங்கன் காலம்!’ என்று துள்ளுவான். மூணாற்றுப் பெண் சிரித்துக்கொண்டே எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்டுவாள். இரண்டு மாநிலத்துப் பிள்ளைகளும் சேர்ந்தால்தான் அவிழும் முடிச்சு இது. சென்னையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இப்படி ஒன்று சட்டென்று தோன்றாது. உங்களுக்குத் தோன்றும்.

இந்த வெள்ளத்தை வைத்து என்ன மர்மம் எழுதலாம்? தோட்டத்து ஆள்கணக்கு செக்ரோலில் இருந்தது. அரிசிக் கணக்கு கடையில் இருந்தது. ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்த கங்காணி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுத்த முன்பணத்தைத் தன் ஏட்டில் எழுதி வைத்திருந்தான். அந்த முன்பணக் கடன்தான் தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டி வைத்த கயிறு. வெள்ளத்துக்கு மறுநாள் கங்காணியின் கணக்கேடு காணவில்லை என்று தொடங்குங்கள். ஆறு அடித்துப் போனதா, ஆள் எடுத்ததா? ஏடு போனதால் யாருக்கு லாபம்? தொழிலாளர் லயத்தில் இருந்த எல்லோருக்கும் லாபம்! சந்தேகப்பட வேண்டியவர்கள் நூறு பேர், அந்த நூறு பேரும் வாசகரின் அன்புக்குரியவர்கள். குற்றவாளியைக் கண்டுபிடித்த பிறகு கதாநாயகி என்ன செய்வாள்? சொல்லுவாளா, சும்மா இருப்பாளா? இப்படி ஒரு கேள்வியோடு ஒரு பிள்ளையை விட்டால், அது தோட்டத் தொழில் வரலாற்றைத் தேர்வுக்குப் படிக்காது, தனக்காகப் படிக்கும்.

எந்தக் கூடலூர்?

2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். எழுத்து தமிழ்-பிராமி. கிறித்து பிறப்பதற்கு முந்தையவை என்று தொல்லியலாளர் கருதுகிறார்கள். இந்தியாவில் கிடைத்த எழுத்துள்ள நடுகற்களில் மிகப் பழைய வரிசையில் வருபவை. அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் மாண்ட தீயன் அந்தவன் என்பவனுக்கு நட்ட கல்.

இதைவிடச் சுருக்கமான கொலை வழக்குப் பதிவு உலகில் உண்டா? இறந்தவன் பெயர் இருக்கிறது, இடம் இருக்கிறது, சூழ்நிலை இருக்கிறது. அவன் மாட்டைக் கவரப் போனவனா, காக்கப் போனவனா? கல்லை நட்டது யார்? கூடலூர் எது? குமுளி மலையடிவாரத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூர் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் பொருத்தமான இடம். ஆனால் நீலகிரியில் ஒரு கூடலூர் இருக்கிறது. பாலக்காடு மாவட்டத்தில் எம்.டி. வாசுதேவன் நாயர் பிறந்த கூடல்லூர் இருக்கிறது. ஒவ்வொன்றையும் ஏன் ஏற்கலாம், ஏன் தள்ளலாம் என்று வகுப்பில் விவாதிக்க விடுங்கள். எது அருகில், எங்கே மேய்ச்சல் நிலம், கல் கிடந்த இடத்துக்கு எத்தனை நாள் நடை? வரைபடத்தை விரித்துவிட்டால், நாவலின் நடுப்பகுதி தானாக எழுதிக்கொள்ளும்.

சித்தூர்க்காரர்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். பகவதி கோயிலில் ஆண்டுதோறும் நடக்கும் கொங்கன் படை. கொங்கு மன்னன் படையெடுத்து வந்தான், பகவதி அவனை வென்றாள் என்பது விழாவின் கதை. வென்றவர்கள் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள். தோற்றவர்கள்? பொள்ளாச்சிப் பக்கத்து ஊர்க்கோயில்களில் இந்தப் போரின் சுவடு ஏதாவது இருக்கிறதா? எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளை, அந்தப் பக்கம் ஒரு பிள்ளை, இருவரும் உறவினர்கள். ஒரு பண்டிகை விடுமுறை போதும், கதை கிளம்பிவிடும். ஒரு போருக்கு இரண்டு பக்கம் உண்டு என்று பாடநூலில் ஒரு வரி எழுதலாம். கதையில்தான் அதை நடந்து பார்க்க முடியும்.

ஏன் எல்லை?

இப்போது முன்பு சொல்லாமல் விட்ட காரணம். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அதற்கு முன்பு அவை திருவிதாங்கூர். பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டம். பக்கத்திலிருக்கும் சித்தூரோ கொச்சி சமஸ்தானம். ஆக, இந்த மலையோர மக்களின் பழைய காகிதம் ஒரே இடத்தில் இருக்காது. ஒன்று சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கும், ஒன்று திருவனந்தபுரத்தில், ஒன்று எர்ணாகுளத்தில், ஒன்று கோழிக்கோட்டில். ஒரு பக்கத்துப் பாடநூல் மலை உச்சியோடு நின்றுவிடும், மறுபக்கத்துப் பாடநூலும் அங்கேயே நின்றுவிடும். நடுவில் வாழ்கிறவர்களுக்கு ஆயத்தமான ஒற்றைக் கதை கிடையாது. அது குறைதான். ஆனால் கேள்வி கேட்கப் பழகுகிறவனுக்கு அந்தக் குறையே முதலீடு.

பரம்பிக்குளத்தைப் பாருங்கள். பாலக்காடு மாவட்டத்து ஊர், சாலை வழியே போக வேண்டுமானால் சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் போக வேண்டும். அங்கிருந்து ஒரு காலத்தில் சாலக்குடிக்குக் கொச்சி அரசின் காட்டு டிராம் ஓடியது. 1907இல் தொடங்கி 1963இல் மூடினார்கள். வெட்டிய தேக்கு அதில்தான் இறங்கியது. வெட்டாமல் விட்ட கன்னிமாரா தேக்கைச் சுற்றி, கோடரி பட்டதும் மரம் ரத்தம் சிந்தியது என்று ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லி மரத்தைக் காப்பாற்றியது யார்? கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

எழுதுகிறவர்களுக்குச் சில தடைகள்

முதல் தடை, புதையல். நாவலின் முடிவில் தங்கக் காசு கிடைக்கக் கூடாது. ஏன் இவ்வளவு கண்டிப்பு? மறையூரின் முனியறைகளைப் பாருங்கள். இறந்தவர்களுக்காகப் பலகைக் கற்களை நிறுத்தி மூடிய கற்திட்டைகள், பெருங்கற்காலத்தவை. எத்தனையோ இடிந்துவிட்டன. தென்னாடு முழுக்க இத்தகைய ஈமச்சின்னங்களைப் புதையல் ஆசையில் தோண்டியவர்கள் உண்டு. ஒரு பானை ஓடு எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதில்தான் அதன் சாட்சியம் இருக்கிறது. கடப்பாரை விழுந்த இடத்தில் சாட்சி செத்துவிடும். ‘பொருளை எடுக்காதே, இடத்தைக் குறித்துக்கொள், படம் எடு, தொல்லியல் துறைக்குச் சொல்’ என்பதைக் கதாநாயகி செய்து காட்ட வேண்டும். அதைச் செய்யவிடாமல் தடுக்கிறவன்தான் வில்லன்.

இரண்டாவது தடை, சுரங்கப்பாதை. பாலக்காட்டுக் கோட்டையை 1766இல் ஹைதர் அலி கட்டினார். 1790இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போய்த் தங்கிவிட்டது. பின்னாளில் உள்ளே கிளைச் சிறையும் இருந்தது. இத்தனை உண்மைக் கதைகள் இருக்க, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எந்தக் கோட்டைக்குப் போனாலும் ‘இங்கிருந்து ஒரு சுரங்கம் போகிறது’ என்பார்கள். எல்லாச் சுரங்கமும் உண்மையென்றால் தென்னிந்தியா இந்நேரம் பூமிக்குள் இறங்கியிருக்கும்.

மூன்றாவது, எந்தச் சமூகத்தையும் எந்த மதத்தையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். இடிந்த சுவர் எதைக் கண்டாலும் ஒரு படையெடுப்பாளர் பெயரைச் சொல்லிவிட்டுப் போவது ஊர்ப் பழக்கம். மழை இடித்திருக்கலாம், மரவேர் இடித்திருக்கலாம், கல்லுக்காக உள்ளூர் ஒப்பந்தக்காரர் இடித்திருக்கலாம். நாவல் ஒவ்வொரு சாத்தியத்தையும் விசாரித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

நான்காவது, அன்பு காரணமாகக்கூடப் பொய்யைத் தடயமாக்கக் கூடாது. கம்பம் பள்ளத்தாக்கில் பென்னிகுவிக்கைக் கும்பிடுகிறோம். முல்லைப் பெரியாறு அணையை 1895இல் முடித்துத் தந்த பொறியாளர், கும்பிடத்தக்கவர்தான். 2021இல் மதுரையில் கலைஞர் நூலகம் கட்டத் தேர்ந்தெடுத்த இடத்திலிருந்த பொதுப்பணித் துறைக் கட்டடம் அவர் வாழ்ந்த வீடு என்று பேச்சு எழுந்தது. அரசு தரப்பு எடுத்து வைத்தது இரண்டே ஆண்டுகள். பென்னிகுவிக் இறந்தது 1911 மார்ச்சில். துறை ஆவணப்படி அந்தக் கட்டடத்தின் வேலை தொடங்கியது 1912இல். துப்பறியும் கதைகளில் ‘சம்பவம் நடந்தபோது அவர் அங்கே இல்லை’ என்று நிரூபிப்பார்களே, அது இதுதான். இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கத் தெரிந்த பிள்ளை இந்தச் சர்ச்சையை ஐந்து நிமிடத்தில் தீர்த்திருக்கும்.

ஐந்தாவது தடை, கடைசிப் பக்கத்து மௌனம். நாவல் முடிந்ததும் ஆசிரியர் தன் குரலில் ஒரு பக்கம் எழுத வேண்டும். இந்தப் பாத்திரம் நான் கற்பனை செய்தது, இந்தக் கல் உண்மை, அது இந்த இடத்தில் இருக்கிறது, இந்த ஆண்டை நான் சற்று நகர்த்தினேன் என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ‘எப்படித் தெரியும்?’ என்று பிள்ளையைக் கேட்கச் சொல்லிக் கொடுத்தவர், தன்னிடம் அந்தக் கேள்வி வரும்போது ஓடி ஒளியலாமா?

வகுப்பறைக்குச் சில வேலைகள்

நாவல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு பள்ளியிலும் வழக்கு நோட்டு ஒன்று தொடங்குங்கள். ஊரில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருள், அதைப் பற்றி ஊர் சொல்லும் ஒரு கதை, அதைத் தொட்டுப் பேசும் ஒரு காகிதம். இந்த மூன்றும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முட்டுகின்றன என்று பிள்ளைகள் எழுதட்டும். முட்டும் இடம்தான் நாவல் தொடங்கும் இடம்.

முன்மாதிரி வேண்டுமென்றால் பேராசிரியர் சி. கோவிந்தராசனாரைச் சொல்லுங்கள். கண்ணகி எந்த வழியாக நடந்தாள் என்று சிலப்பதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடி, 1960களில் குமுளி மலைமேல் மங்கலதேவி கோயிலை அடையாளம் காட்டினார். அங்கே சோழ, பாண்டியர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவருடைய முடிவை விவாதிக்கலாம், அதுவும் பாடம்தான். ஆனால் ஓர் இலக்கியத்தைச் சாட்சியாக நிறுத்தி, அது சொன்ன வழியில் கால் நோக நடந்து சரிபார்த்தாரே, அதைப் பிள்ளைகள் அறிய வேண்டும். சித்திரைப் பௌர்ணமிக்கு ஒரு நாள்தான் அந்தக் கோயில் திறக்கிறது. இரண்டு மாநிலமும் சேர்ந்து ஏற்பாடு செய்கின்றன. குமுளியிலிருந்து ஜீப்பிலும் பளியன்குடியிலிருந்து நடந்தும் மக்கள் ஏறுகிறார்கள். ஆண்டில் ஒரே நாள் திறக்கும் இடம், இரண்டு பாதை, இரண்டு அரசு. மர்ம நாவலாசிரியர் இதற்குமேல் என்ன கேட்பார்?

இன்னொரு வேலையும் உண்டு. நம் பிள்ளைகள் மலையாளமும் வாசிப்பவர்கள். மலையாளச் சிறார் நாவல்களிலிருந்து ஒன்றிரண்டு அத்தியாயங்களை அவர்களே தமிழில் கொண்டுவரட்டும். கேரளத்தின் கிராம நூலகங்களை வளர்த்த பி.என். பணிக்கரின் நினைவாக ஜூன் 19 வாசிப்பு நாளாக நடக்கிறது. அந்த நாளில் வழக்கு நோட்டிலிருந்து ஒரு வழக்கையும் மொழிபெயர்த்த ஓர் அத்தியாயத்தையும் வாசிக்க வையுங்கள்.

உங்களில் எழுதக்கூடியவர்கள் பலர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தலைநகரத்து எழுத்தாளர் வந்து உங்கள் மலையை எழுதட்டும் என்று இருக்காதீர்கள். லயத்துப் பேச்சும் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துச் சத்தமும் கொல்லம் ஆண்டுக் கணக்கும் உங்களுக்குக் கைவந்தவை. எழுதிய அத்தியாயத்தை முதலில் ஏழாம் வகுப்பில் வாசியுங்கள். ‘இது எப்படித் தெரியும்?’ என்று எந்த வரியில் ஒரு பிள்ளை கேட்கிறதோ அந்த வரிக்கு விடை தேடுங்கள். விடை கிடைக்காவிட்டால் அந்த வரியை அடித்துவிடுங்கள். அப்படி அடித்து அடித்து மிஞ்சுகிற நாவலைத்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.